பேச்சியம்மாள் சொன்ன பதினேழு பக்கம்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்தே பேய்க்காற்று. மலைப்பக்கம் சாரல், இங்கே வெறும் புழுதி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. ஆபீஸ் திறந்தது 9.20. வக்கீல் மேடம் மதுரையில். ஹைகோர்ட் கேஸ், திரும்ப வியாழன் ராத்திரி ஆகும். சாவி, போன், கட்சிக்காரர்கள், டைப்பிங், எல்லாம் என் தலையில்.

10.30க்கு பேச்சியம்மாள் வந்தாள். வயது 34. கட்டிக்கொடுத்தது வ. புதுப்பட்டி. இரண்டு மாதமாக தேவதானத்தில் அம்மா வீட்டில். புருஷன் மேல் குடும்ப வன்முறை மனு போட வேண்டும். மேடம் போகும்போது சொன்னது: "அவ வாயால முழுசாச் சொல்லட்டும் சரசு. நீ அப்படியே அடி. வெள்ளிக்கிழமை ஃபைல் பண்ணியே ஆகணும்."

வெள்ளி ஏன் என்றால், ஞாயிறு அன்று புருஷன் வீட்டார் ஊரில் பேச்சு வைத்திருக்கிறார்கள். நாலு பெரிய மனுஷர் உட்கார்ந்து சமாதானம் பேசி இவளைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள். அதற்குள் மனு கோர்ட்டில் பதிவாகி நம்பர் விழ வேண்டும்.

வீட்டில் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று மணி நேரம் பேசினாள். என்னைப் பார்க்கவே இல்லை, ஃபேனையே பார்த்துக்கொண்டு. அழவும் இல்லை. நடுவில் ஒரே ஒரு டீ. 17 பக்கம் வந்தது.

எழுந்தபோது சொன்னாள்: "இத ஒருக்கத்தான் சொல்ல முடியும்க்கா. இன்னொருக்க கேக்காதீய."

பஸ் ஏற்றிவிடப் போனேன். தனியாக நிற்க பயந்தாள். திரும்பி வர முக்கால் மணி. கம்ப்யூட்டர் தூங்கியிருந்தது. மவுசை ஆட்டினேன். எழவில்லை.

செய்து பார்த்தவை:
ஸ்பேஸ் பார், என்டர், எல்லாக் கீயும்.
மானிட்டரை அணைத்துப் போட்டது. "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி, பிறகு கறுப்பு.
பின்னால் கேபிளைப் பிடுங்கிச் சொருகியது.
பவர் பட்டனை லேசாக ஒரு தட்டு. அழுத்திப் பிடிக்கவில்லை. பிடித்தால் செத்துவிடும்.

உள்ளே ஃபேன் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. படம் மட்டும் இல்லை.

சேவ் பண்ணவில்லை. ஒரு தடவைகூட. அவள் பேச்சு அறுந்துவிடக் கூடாது என்று கையை எடுக்காமல் அடித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேவ் ஆகிற வசதி இருந்தது. அடிக்கும்போது நின்று நின்று போகிறது என்று போன வருஷம் நானேதான் அதை நிறுத்தினேன்.

சிஸ்டம் சர்வீஸ் ரமேஷுக்குப் போன். சங்கரன்கோவிலில் ஒரு கடையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். "அக்கா, கரண்டை மட்டும் எடுத்துராதீங்க. உள்ள இருக்கறது உள்ளயே இருக்கும். நாளைக்கு எட்டு மணிக்கு வாரேன்."

கீழ்க்கடைக்காரர் ஷட்டர் இறக்கும்போது கேட்டார்: "நாளைக்கு பவர் கட்டு தெரியும்லம்மா? ஒம்பதுல இருந்து அஞ்சு. மெசேஜ் வரலயா?"

யு.பி.எஸ். பத்து நிமிடம்கூடத் தாங்காது.

வீடு. சாப்பிடவில்லை. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

5.50 பஸ். ஆபீஸில் 6.30. கம்ப்யூட்டர் அப்படியே. ஃபேன் சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

ரமேஷ் எட்டு என்றார், வந்தது 8.25. பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி நின்றுவிட்டதாம். வாசலிலேயே நின்று திட்டினேன். பாவம், பையை இறக்கினார்.

அவர் முதலில் செய்தது: கேப்ஸ் லாக் கீயை அமுக்கினார். கீபோர்டில் சின்ன விளக்கு எரிந்தது. திரும்ப அமுக்கினார். அணைந்தது.

"அக்கா, இது முழிச்சுத்தான் இருக்கு. கண்ணு மட்டும் தெரியல."

கொண்டு வந்த வேறு மானிட்டர், வேறு கேபிள். இல்லை. படத்தை மட்டும் திரும்ப எழுப்ப நாலு கீயைச் சேர்த்து அமுக்குவது ஒன்று இருக்கிறதாம். பீப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 8.41.

"ஒரே வழிதான் இருக்கு. பார்க்காமலே சேவ் பண்ணணும்" என்றார். "நீங்க அடிங்க, உங்க கைக்குத்தான் பழக்கம். முதல்ல பாஸ்வேர்டு, என்டர். பொறவு கன்ட்ரோல் எஸ். பேர் கேக்கும். ஏதாச்சும் அடிச்சு என்டர்."

கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அடித்தேன். கை வியர்த்து கீ வழுக்கியது. பாஸ்வேர்டு. என்டர். மனசுக்குள் பத்து எண்ணினேன். கன்ட்ரோல் எஸ். petchi என்று அடித்தேன். என்டர்.

வேலை செய்ததா இல்லையா, ஒரு அடையாளமும் இல்லை.

"இன்னொரு தடவ அடிக்கவா?"

"வேண்டாம்க்கா. பேர் கேக்குற பெட்டி இன்னும் திறந்து கிடந்தா கெட்டுப்போகும்."

8.56 வரை சும்மா உட்கார்ந்திருந்தோம். ரமேஷ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "கரண்ட் தானா போறதுக்கு நாமளே நிறுத்திருவோம்" என்று பட்டனை அழுத்திப் பிடித்தார். ஃபேன் நின்றது. உடனே திரும்பப் போட்டார். 8.58க்குத் திரை வந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி அதே நீலம்.

கோப்புகளில் புதிதாக ஒன்று. பெயர் தாறுமாறான தமிழ் எழுத்து, தமிழ் கீபோர்டில் petchi அடித்தால் அப்படித்தான் வரும். சேவ் ஆகியிருக்கிறது! ரமேஷ் கை தட்டினார்.

திறந்தேன். ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு வரி. அதுவும் தாறுமாறு எழுத்து. இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. என் பாஸ்வேர்டு.

கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது.

ரமேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ. தூங்கி எழுந்தா பாஸ்வேர்டு கேக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லி போன மாசம் நான்தானே எடுத்துவிட்டேன். மறந்துட்டேனேக்கா."

அவர் மேல் மட்டும் தப்பு இல்லை. ஒரு மாதமாக அது பாஸ்வேர்டு கேட்கவில்லை என்பது பதற்றத்தில் எனக்கும் மறந்துபோயிற்று. திங்கள் அன்று எழுந்து போகும் முன் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று 17 பக்கத்தையும் மொத்தமாகச் செலக்ட் செய்திருந்தேன். அப்போது பார்த்துத்தான் பேச்சி "பஸ்ஸு போயிரும்க்கா" என்றாள். அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். செலக்ட் ஆகிக் கிடந்ததன் மேல் எது அடித்தாலும் இருந்தது போய்விடும். முதல் எழுத்திலேயே அவள் சொன்னது அத்தனையும் போயிருக்கிறது. பிறகு அந்த வெறுமையைப் பத்திரமாகச் சேவ் வேறு பண்ணியிருக்கிறேன்.

ரமேஷ் போன பிறகு இருட்டு ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாலை மேடம் போன். "முடிஞ்சதா சரசு?"

"முடிஞ்சது மேடம்."

பன்னிரண்டு வருஷத்தில் மேடத்திடம் சொன்ன முதல் பொய்.

ஜூலை 10, புதன்

காற்று குறையவில்லை. கரண்ட் உண்டு.

ரமேஷ் காலையிலேயே வந்து படம் காட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினார். பழசாம், அதனால்தான் எழவில்லையாம். இனி தூங்கவே தூங்காதபடி செய்துவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஞாபகத்திலிருந்து எழுதினேன். கல்யாணம், முதல் அடி, குழந்தை கலைந்தது, மாமியார் அரிசிப்பானையைப் பூட்டியது, கை முறிந்தது. நடந்தவை எல்லாம் வருகின்றன. அவள் சொற்கள் வரவில்லை. மதியம் படித்துப் பார்த்தேன். மேடத்தின் பழைய மனுக்கள் மாதிரியே இருக்கிறது. "மனுதாரரை எதிர்மனுதாரர் கடுமையாகத் தாக்கி." பேச்சி அப்படியா சொன்னாள்?

11 பக்கம்.

அவள் போன் சுவிட்ச் ஆஃப். காலை 10, 12, 2, 4. அவள் அண்ணன் நம்பர் ஃபைலில் இருக்கிறது. அடிக்க பயம்.

ஒரு யோசனை வந்தது, எழுதவே வெட்கம். இந்த 11 பக்கத்தையே டைப் அடித்து வெள்ளிக்கிழமை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நம்பி வந்தவள், படித்துக்கூடப் பார்க்க மாட்டாள். மேடத்துக்கும் தெரியாது.

அரை மணி நேரம் அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் பட்டாலியனிலிருந்து போன். ஏன் ஒருமாதிரி பேசுகிறாய் என்றார். சளி என்றேன். இரண்டாவது பொய்.

ஜூலை 11, வியாழன்

ஆபீஸ் பூட்டு. நேற்றுக் கிளம்பும்போதே கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டேன்: மதியம் 3 மணிக்கு. ராஜபாளையத்திலிருந்து நேராக தேவதானம் பஸ்.

வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வாசலில் அண்ணன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் என்றார். தையல் கிளாஸ் டீச்சர் என்று வாயில் வந்துவிட்டது. மூன்றாவது பொய். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கா. வெரசாப் பேசிட்டுப் போங்க, ஞாயித்துக்கெழம விசேஷம் இருக்கு" என்றார். அந்தப் பேச்சைத்தான் விசேஷம் என்கிறார்.

பின்கட்டில் பேச்சி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முறிந்து சேர்ந்த கை கோணலாக. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

சொன்னேன். எல்லாவற்றையும். கம்ப்யூட்டர் எழாதது, நான் சேவ் பண்ணாதது, என் கையாலேயே அழிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். கரியும் தேங்காய் நாருமாகச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சட்டி எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அம்புட்டும் போச்சா?"

"அம்புட்டும்."

"ஒங்களுக்கு ஞாவகம் இருக்குல்லா. எளுதிப் போடுங்களேன்."

நோட்டை எடுத்து மெதுவாகப் படித்தேன். முன்பக்கம் பைக் உறுமி அடங்கியது. அண்ணன் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். கை முறிந்த நாள் வந்தது. "அன்று காரணமின்றி அவர் என்னை அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது."

"நிறுத்துங்கக்கா."

நிறுத்தினேன்.

"காரணமின்றின்னு நானா சொன்னேன்?"

"திங்கக்கிழமை அப்படித்தான் சொன்ன."

கையைக் கழுவிச் சேலையில் துடைத்தாள். "அதுக்கு முன்னால ஒண்ணு இருக்கு. நானும் அடிச்சேன்."

நோட்டை மடியில் இறக்கினேன்.

"எங்க அம்மய ஒரு வார்த்த சொன்னாரு. கையில பித்தளச் செம்பு இருந்துச்சு. ஒரே போடு. மண்டையில நாலு தையலு. வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாரு, பொம்பள அடிச்சான்னு சொல்ல வெக்கம். தையல் போட்டுட்டு வந்த பொறவுதான் எங் கைய முறிச்சாரு. கதவ அடச்சு, பொறுமையா, முறிச்சாரு."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா, நீயும் அடிச்சேல்லா, சரியாப் போச்சு, வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரிபூரா தூக்கமில்ல. சத்தியம் பண்ணி கையெழுத்துப் போடணும்னாங்களே, பொய்யில போடப் போறோமேன்னு."

நோட்டைத் திருப்பி வெள்ளைப் பக்கம் எடுத்தேன். "மொதல்ல இருந்து சொல்லுதியா?"

"எளுதுங்க."

இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். செம்பு வரும் இடத்தில் அழுதாள். ஒன்றரை மணி நேரம். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

மாலை 3.20 முதல் 7 வரை டைப். 19 பக்கம். ஒவ்வொரு பாராவுக்கும் சேவ். பென்டிரைவில் ஒன்று, என் மெயிலுக்கு ஒன்று, பிரின்ட் இரண்டு.

ஜூலை 12, வெள்ளி

லேசான தூறல், கடைசியில்.

8.30க்கே மேடம் ஆபீஸில். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. உட்காராமலே சொன்னேன். கம்ப்யூட்டர், பாஸ்வேர்டு, போனில் சொன்ன பொய், தேவதானம்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போனில ஏன் முடிஞ்சதுன்ன?"

"பயம் மேடம்."

"பயத்துல நீ ஏதாவது எழுதி நீட்டியிருந்தா?"

புதன்கிழமை அரை மணி நேரத்தை இவரிடம் சொல்ல எனக்கு தைரியம் இல்லை. இங்கே எழுதியதோடு சரி.

19 பக்கத்தையும் படித்தார். செம்பு வந்த பக்கத்தில் நின்றார். திரும்ப ஒரு முறை படித்தார். "அவ புருஷன் இந்தத் தையல் போட்ட கதையை அவன் வக்கீல்கிட்ட சொல்லியிருக்கான். நேத்து மதுரையில அந்த வக்கீல் என்னைப் பார்த்து, உங்க கட்சிக்காரி கை சும்மா இருக்காதாமேன்னு சிரிச்சான். எனக்கு ஒண்ணும் விளங்கல. காரணமின்றின்னு நாம போட்டிருந்தா, முதல் குறுக்கு விசாரணையிலேயே முடிஞ்சிருக்கும்."

சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கை காட்டி நிறுத்தினார். "அதுக்காக உன்னை மன்னிச்சேன்னு இல்ல. இன்னொரு பொய் சொன்னா சாவியை வச்சுட்டுப் போயிரு."

சரி என்றேன்.

பேச்சி 11 மணிக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. ஒவ்வொரு பக்கமாக நான் படிக்க, கேட்டுக் கேட்டுக் கையெழுத்து. கோணல் கை பேனாவை அழுத்தவில்லை, பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக. ஏழாம் பக்கத்தில் மாமியார் என்று இருந்த இடத்தில் "இவிய இல்ல, அவரோட மயினி" என்று ஒரு திருத்தம். மயினி என்றால் அண்ணி. 3.50க்கு மனுவுக்கு நம்பர் விழுந்தது. மேடம் நகலை அவள் கையில் கொடுத்தார்.

அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பவில்லை. ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அங்க போனா ஞாயித்துக்கெழம இழுத்துட்டுப் போயிருவாங்கக்கா."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

இப்போது ராஜபாளையத்தில், என் வீட்டுக் கூடத்தில் பூண்டு உரிக்கிறாள். போனை ஆன் பண்ணியதிலிருந்து அண்ணன் மூன்று தடவை. எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள்.

"பேச்சுக்கு நா வரல. என்ன பேசணுமோ கோர்ட்டுல வந்து பேசச் சொல்லு அவியள." வைத்துவிட்டாள். வைத்த வேகத்தில் உரித்த பூண்டெல்லாம் தரையில். இருவருமாகப் பொறுக்கினோம்.

பாய் ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும்.