எல்லை நிரையின் சிவப்புத் துணிகள்

அண்ணன்,

என் மேசைமேல் ஒரு சிவப்புத் துணித் துண்டு கிடக்கிறது. திராட்சைச் சாறு காய்ந்து விறைத்துப்போயும் அதன் புளித்த வாடை இன்னும் அகலவில்லை. சென்ற கிழமை உங்கள் கம்பளிக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடும்படி அண்ணி என்னிடம் தந்தார். அதன் உட்பையில் இதுபோல் பதினொன்று இருந்தன. என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தரித்துத் தந்தவனே நான்.

பிரான்சின் பர்கண்டித் திராட்சைத் தோட்டங்களில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, அந்த ஊர் வெள்ளை மதுவை இறம்பொடை மலைச்சரிவில் நம் குடும்பமே செய்யும் என்று திரும்பினீர்கள். இரசாயன மருந்து படாத தோட்டம் என்ற சான்றிதழும் கிடைத்தது. ஆனால் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக்கு அடிக்கும் மருந்து பனிக்காற்றோடு வந்து எல்லையோர மூன்று கொடி நிரைகளில் படியும். அந்தப் பழம் சான்றிதழ் பெற்ற மதுவில் சேரக் கூடாது என்பது நிபந்தனை. மாறிவிடாமல் இருக்கவே அந்த நிரைகளின் கூடைகளில் சிவப்புத் துணி கட்டினோம்.

"பனிக்கு எல்லக்கல்லு தெரியுமா வக்கீலு?" என்று கேட்டீர்கள். பழம் பறித்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

சென்ற அறுவடையில் அடைமழை. நடு நிரைகளில் பாதிப் பழம் அழுகியது. ஆயினும் பீப்பாய்கள் நிறைந்தன. எல்லைக் கூடைகள் எங்கே என்று கேட்டேன். பழம் பிழியும் பொறியைக் கழுவிக்கொண்டிருந்த நீங்கள் திரும்பவே இல்லை.

"அது தனியா போயிருச்சு. கூடப்பொறந்தவன குறுக்கு விசாரண பண்றியா?"

மறுநாள், எல்லைப் பழம் மதுவில் சேரவில்லை என்ற சத்தியக்கடதாசியில் வக்கீலாகக் கையொப்பமிட்டேன். வேறு எவருக்கானாலும் கூடைகளைப் பார்த்த பின்னரே பேனாவை எடுத்திருப்பேன்.

கோட்டைப் பெற்ற மறுநாளே சான்றிதழ் அளித்தவர்களுக்கு உண்மையை எழுதிவிட்டேன். சான்றிதழ் போகும். என் தொழிலுரிமையும் விசாரணைக்கு வரலாம். அண்ணி என் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"செத்தவர காட்டிக் குடுத்துட்டீங்க. இனி அந்த மலையில என்னா இருக்கு தம்பி?"

அந்தக் கேள்வியையும் நீங்களே விட்டுச் சென்றீர்கள்.

பீப்பாயிலிருந்து ஒரு குவளை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். நல்ல மது. குறை ஒன்றும் தெரியவில்லை. அதற்காகவும் உங்களை வெறுக்கிறேன்.

பனிக்கு எல்லைக்கல் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பதினொரு முடிச்சுகளையும் நின்று அவிழ்த்திருக்கிறீர்கள்.

பத்துத் துண்டுகளைச் சான்றாக அனுப்பினேன். மீந்த இந்த ஒன்று என் கறுப்புக் கோட்டின் பையில் வந்து போகிறது. நேற்று காணி விடயமாக வந்த ஒருவர், "எங்கண்ணன் எல்லாம் பாத்துட்டாரு, நீங்க கையெழுத்த போடுங்க" என்றார். துணியைத் தொட்டேன். அவருடைய அண்ணனை அழைத்துவரச் சொன்னேன்.