அரை ஆள் கிடையாது

1902 ஜூலை 14

இன்றும் ஆடுகள். மழையில் விழுந்த சுற்றுச்சுவர் விழுந்தபடியே கிடக்கிறது. இந்தச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள அத்தனை ஆடுகளும் என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கின்றன. ஞாபகப்படுத்தி மூன்று முறை மிஷன் கமிட்டிக்கு எழுதியாகிவிட்டது. பாட்டுத்தாள் கட்டு ஒன்றை இன்று ஒரு கிடா தின்றுவிட்டது. தலைமை உபாத்தியாயர் என்று பேர்; வேலை ஆடு விரட்டுவது.

ஆட்டையாவது விரட்டிவிடலாம். வேலூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஐடா அம்மாளை என்ன செய்வது? டிரெயினிங் படித்தவளாம். இன்று அவள் வகுப்புக்கு வெளியே நின்று கேட்டேன். எட்டு ஆட்கள் ஒரு கால்வாயைப் பத்து நாளில் வெட்டினால், நான்கு ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. இவள் என்ன செய்தாள் தெரியுமா? "அந்த எட்டுப் பேர் யாரு? பேர் வெச்சுக் கூப்பிடலாமா?" என்று கேட்டாள். உடனே ஆளுக்கு ஒரு பேரைக் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு பயல், "டீச்சரம்மா, குப்பனுக்குக் காய்ச்சல், வர மாட்டான்" என்றான். சரி, குப்பன் வராவிட்டால் எத்தனை நாள் என்று அதற்கும் ஒரு கணக்கு! ஒரே கணக்கில் அரை மணி போச்சு. அந்த நேரத்தில் நான் இருபது போட்டிருப்பேன்.

கணக்கு என்பது எண். எண்ணுக்குக் காய்ச்சல் வராது.

ஜூலை 16

அடியாத மாடு படியாது என்று அவளிடம் சொன்னேன். "இது மாட்டுக் கொட்டாயா ஐயா?" என்றாள். எனக்குச் சர்வீஸ் இருபத்தொரு வருஷம். அவளுக்கு வயதே அவ்வளவுதான் இருக்கும்.

ஆகஸ்ட் 4

இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வருகிறார். நான்காம் வகுப்புக் கணக்கை இன்று அவளிடமிருந்து பிடுங்கி நானே எடுத்துக்கொண்டேன். விட்டால் குப்பன் காய்ச்சலிலேயே, பாஸானவர்களை எண்ணிச் சர்க்கார் தரும் கிரான்டும் செத்துப்போகும்.

முதல் பாடமாக ஆள் கணக்கு எடுத்தேன். விடையில் ஆட்கள் பின்னமாக வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும். கடவுள் அரை மனிதனைப் படைக்கவில்லை. "அரை ஆள் கிடையாது" என்று எல்லாரையும் கத்தவைத்தேன். பக்கத்து மில்லில் கல் இடிக்கிற சத்தத்தையும் மீறிக் கத்தினார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

ஒரு வாய் மட்டும் அசையவில்லை. சம்பங்கி. பதினொரு வயசு, பெரிய முழி, வாய்பாட்டில் புலி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அரை ஆளு கீதே ஐயா. எங்கக்கா அரை ஆளுதான்."

வகுப்பு சிரித்தது. அந்த அரைக்குத் தலை உண்டா, கால் உண்டா என்று நானும் கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், "ரெண்டும் கீது ஐயா" என்றாள். என்ன திமிர்! கையை நீட்டச் சொல்லி இரண்டு போட்டேன்.

மாலையில் ஐடா வந்தாள், கண் சிவக்க. அந்தப் பிள்ளையின் அக்கா மேஸ்திரியிடம் மண் சுமக்கிறாளாம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பாதிக் கூலி. அதனால் கும்பலை எண்ணும்போது அவளை அரை ஆள் என்றுதான் எண்ணுவார்களாம்.

எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் எவனுக்குத் தெரியாது? "அது கூலி. இது கணக்கு" என்றேன்.

"கூலி கணக்கில்லாம வேற இன்னாங்க ஐயா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாடம் நடத்தத் தெரியவில்லை, பேச்சு மட்டும் எட்டு ஊருக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வரும்போது கங்கம்மா வழிமறித்தாள், சம்பங்கியின் தாய். புருஷன் சுரங்கத்துக்குள் விழுந்து இடுப்பு போய்ப் படுத்துக் கிடக்கிறான்.

"ஐயா, பாஸானா வேலூரு போர்டிங்குல எடம் கீதுன்னு டீச்சரம்மா சொல்லிச்சு. சோறு, துணி எல்லாம் அவங்களே. இல்லாங்காட்டி முனிரத்தினம் மேஸ்திரி கிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். பெரியவகூட சின்னவளும் போவட்டும்னு."

பாஸாவாளா என்று கேட்டாள். ஒழுங்காகப் படித்தால் ஆவாள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கையில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

அந்த இடத்தையும் ஐடாதான் எழுதி வாங்கியிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பள்ளிக்கு நான் யார்? வாட்ச்மேனா?

ஆகஸ்ட் 29

சம்பங்கியை இன்று எட்டுத் தடவை கேட்டேன். எட்டுத் தடவையும் கணக்கைச் சரியாகப் போட்டாள். முழு எண்ணுக்கு மட்டும் ஏற்ற மாட்டேன் என்கிறாள். கழுதைப் பிடிவாதம். தப்பாகப் போட்டால்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

செப்டம்பர் 9

இன்ஸ்பெக்டர் வந்து போனார். ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

வாசிப்பு நன்றாக இருந்தது. வாய்பாடு பிரமாதம். கணக்குக்கு வந்ததும் மனிதர் ஜன்னல் வழியே இடிந்த சுவரைப் பார்த்தார். ஒரு கிடா வேறு எட்டிப் பார்த்தது. "அந்தச் சுவரை ஐந்து ஆட்கள் பன்னிரண்டு நாளில் கட்டலாம். எட்டு நாளில் கட்ட எத்தனை ஆட்கள் வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, விரலை நீட்டினார். இத்தனை பிள்ளைகள் இருக்க, அவளைப் பார்த்து!

சம்பங்கி எழுந்தாள். கண்ணை மூடித் திறக்குமுன் சொன்னாள்: "ஏழு ஆளு, ஒரு அரை ஆளு."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கோபமே இல்லை. பெருக்கி வகுத்ததெல்லாம் சரி, விடைதான் வேடிக்கை என்று என் பக்கம் திரும்பி, "இதற்கு மார்க் உண்டா ஹெட்மாஸ்டர்? நீரே சொல்லும்" என்றார். மற்றப் பாடத்தில் அவள் பாஸ். இது ஒன்றுதான் பாக்கி. இதிலே போனால் அவள் பெயில்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஐடா எழுந்தாள். "அந்தப் பிள்ளை சொன்னது இந்த ஊர்க் கணக்குங்க. ஏன்னு ஒரு கேள்வி கேளுங்க, அவளே சொல்லுவா" என்றாள். இன்ஸ்பெக்டர் முன்னால்! என் பள்ளியில்! நாற்பது பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"விடை எட்டு. அவள் சொன்னது தப்பு. மார்க் இல்லை" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதினார். சம்பங்கி நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்கார் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். அந்த ஒழுக்கமாவது என்னிடம் கற்றிருக்கிறாள்.

நான் செய்தது சரி. விடை எட்டுதான். எந்த ஊரில் கேட்டாலும் எட்டுதான்.

செப்டம்பர் 10

ஐடா காலையில் வந்தாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"எட்டுங்கிறது சரியான விடைதாங்க ஐயா. நான் இல்லேங்கல. ஆனா ஏன் எட்டுன்னு நீங்க ஒரு நாளாவது சொன்னீங்களா? அரை ஆளுன்னு ஒருத்தர் கெடையாது, உங்கக்காவும் முழு ஆளுதான், எண்ணறவன்தான் தப்பா எண்ணறான் — இதை அந்தப் பிள்ளைகிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. உங்க கணக்குதான் சொல்லியிருக்கணும். அது கையில இருந்தும் பிரம்பத் தூக்கினீங்க."

வெளியே போ என்றேன். போய்விட்டாள்.

என்ன சொல்லிவிட்டாள் பெரிதாக? நானும் அதைத்தானே சொன்னேன், அரை ஆள் கிடையாது என்று? கத்தக் கத்தச் சொன்னேனே. அதையே இவள் சொன்னால் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

சீ. காலையிலேயே தலைவலி.

செப்டம்பர் 22

சுவருக்குக் கமிட்டி சாங்ஷன் கொடுத்துவிட்டது! கடைசியில் ஆடுகளுக்கு விடுதலை. ஐடா என்னோடு பேசுவதில்லை. நிம்மதி.

சம்பங்கி பத்து நாளாக வரவில்லை. ரிஜிஸ்டரில் பேரை அடித்தேன்.

அக்டோபர் 6

காலையில் சுவர் வேலை தொடங்கியது. நான்காம் வகுப்பை ஆள் கணக்கு விதியைச் சொல்லிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன். முனிரத்தினம் மேஸ்திரி வெற்றிலை வாயோடு வந்து கூலிச் சீட்டை நீட்டினான்.

"நாலரை ஆளு, ஐயா. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"அரை ஏது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? தெரியாமலா?

"இன்னா ஐயா, தெரியாத மாதிரி கேக்கிறீங்க. ஏ பொண்ணே, இங்க வா. ஐயாவுக்கு மூஞ்சியக் காட்டு."

சம்பங்கி வந்தாள். தலையில் மண் சட்டி, நிறைய. சேறு கழுத்து வரை வழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள். வகுப்புக்குள் நான் நுழையும்போது எழுந்து நிற்பாளே, அப்படி. நேராக, குதிகாலைச் சேர்த்து. சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் கும்பிட முடியவில்லை. போகவும் இல்லை. மேஸ்திரி போ என்றான், போகவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உட்கார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சட்டியோடு எங்கே உட்காருவாள்?

கடைசியில் கையை அசைத்தேன். திரும்பிப் போனாள். தலை இருந்தது, கால் இருந்தது. முதுகு மட்டும் அந்தச் சட்டிக்கு ரொம்பச் சின்னது.

சீட்டில் நாலரையை அடித்து ஐந்து என்று எழுதினேன். மேஸ்திரி பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "ஐயாவுக்குப் பெரிய மனசு" என்று மடித்து மடியில் சொருகிக்கொண்டான். அந்த மீதி அரை ஆள் கூலி யார் மடிக்குப் போகும் என்று அப்போதுதான் உறைத்தது. முட்டாள், முட்டாள். இருபத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார்!

சீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. உள்ளே வந்தேன். பிள்ளைகள் நான் சொல்லிவிட்டுப் போனதையே கத்திக்கொண்டிருந்தார்கள். அரை ஆள் கிடையாது, அரை ஆள் கிடையாது. சுவர் அந்தப் பக்கம்தான், ஜன்னலுக்கு நேரே. அவளுக்குக் கேட்காமல் இருக்காது.

"நிறுத்துங்கள்" என்றேன். நிறுத்தினார்கள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தார்கள். அரை ஆள் ஏன் கிடையாது என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றேன். கேளுங்களேன், எவனாவது ஒருத்தன் கேளுங்களேன்டா.

ஒருவரும் கேட்கவில்லை.