தானாகத் திறக்கும் கூட்டுக் கதவு

இஞ்சாருங்கோ,

கொழும்புக்குப் புறப்படுகிறேன். இன்று நீங்கள் முகம் கொடுத்துக் கதைக்காததால் எழுதி வைக்கிறேன். படுக்கமுதல் அலாரம் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுங்கள். காலை ஆறுக்கு அது அடித்துச் சாவி சுழன்றால்தான் அதில் கட்டிய கயிறு அவிழ்ந்து கோழிக்கூட்டுக் கதவு தானாகத் திறக்கும்.

“கோழிக்குக் கதவு செய்து குடுத்தன். நீ வெளியில போக, நான் பிணை நிண்டு உள்ளுக்கை கிடக்கிறன்” என்று நேற்றுச் சொன்னீர்கள். ஒருவர் பிணை நின்றால்தான் மற்றவருக்கு வெளியே போக இயக்கம் பாஸ் தரும்; நான் திரும்பாவிட்டால் உங்களைத்தான் பிடிப்பார்கள் என்று தெரியும். பேரனைப் பார்த்துவிட்டு, மகள் மறித்தாலும், பதினைந்தாம் நாள் வந்துவிடுவேன்.

ஐரிஸ்

புட்டு அவித்து மூடி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. “அப்பாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா” என்று மகள் எழுதிய கடிதம் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. இவ்வளவு நாளும் உங்களுக்குக் காட்ட மனம் வரவில்லை.