ஆரணியின் பாலைவனமும் என்னுடையதும்

ஜூலை 1, செவ்வாய்

விடியவே வெக்கை. ரயிலில் மூச்சுவிட இடமில்லை. ரூ பெர்தொனே தெருவில் சாப்பாட்டுக் கடை திறக்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அடுப்படியைக் கேட்கவே வேண்டாம். கொத்துரொட்டிக்கு நின்ற ஒருவர்: "பாலைவனம் மாதிரிக் கிடக்கு, அண்ணை."

பெரிய பாலைவனத்தைக் கண்டவர் மாதிரி. அங்கே சட்டை ஒட்டாது. வேர்த்தது தெரியுமுன் காய்ந்து, உப்புத்தான் மிஞ்சும். பிரான்சுக்கு வருமுன் சவூதியில் ரோட்டு வேலை செய்த கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மகள் ஆரணி மொரோக்கோவின் தெற்குப் பக்கம் போய் இரண்டு கிழமை. சோலார் கம்பனி, முதல் வேலை. போகவேண்டாம் என்றேன். ஏன் என்று பிரெஞ்சில் கேட்டாள். "வேண்டாமெண்டால் வேண்டாம்." போய்விட்டாள். இப்போது தாயோடு மட்டும்தான் கதை.

ஜூலை 3, வியாழன்

வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, மனைவி ரஞ்சியின் பிரஷர் குளிசை.

ரஞ்சி போனை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். விடாமல் கேட்டேன்.

"பிள்ளைக்கு மூக்காலை ரத்தம் வருதாம். சொண்டெல்லாம் வெடிப்பாம். வேலையை விட்டிட்டு வரப்போறன் எண்டு அழுகிறாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாமாம்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எவ்வளவு ஆசைப்பட்டுப் படித்த படிப்பு.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் கடைக்குப் பின்னால் நின்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. முதலாவதில் இருமல் மட்டும். அழித்தேன். பிறகு:

"பிள்ளை, அப்பா கதைக்கிறன். படுக்கமுன்னம் விரலிலை நல்லெண்ணெய் தொட்டு மூக்குக்குள்ளை பூசு. சொண்டை நக்காதை, இன்னும் வெடிக்கும். கை கால் மூடி உடுத்து. தாகம் வருமட்டும் பாத்துக்கொண்டிராமல் தண்ணி குடி. நானும் உப்பிடி ஒரு இடத்திலை கிடந்தனான்."

கேட்டுவிட்டாள், அடையாளம் நீலமாகிவிட்டது. பதில் இல்லை. பருப்புக்கு இரண்டுதரம் உப்புப் போட்டேன். முதலாளி: "என்னண்ணை, வீட்டிலை சண்டையோ?"

ஜூலை 6, ஞாயிறு

லேசான தூறல். நல்ல காற்று. பதில் இல்லை. "அவளும் உங்களை மாதிரித்தானே" என்றாள் ரஞ்சி. சரிதான்.

ஜூலை 8, செவ்வாய்

வேலை முடிந்து ரயில் ஏற, ஆரணியின் குரல் பதிவு வந்தது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்.

"அப்பா, ரத்தம் நிண்டிட்டுது. நான் வரேல்லை, இஞ்சையே நிக்கப்போறன். நீங்கள் பாலைவனத்திலை இருந்ததை ஏன் எனக்குச் சொல்லேல்லை? அங்கை என்ன செய்தனீங்கள்? எல்லாம் சொல்லுங்கோ."

கண் கலங்கிவிட்டது. சனம் நிறைந்த பெட்டி, வெட்கமாகவும் இருந்தது. இருந்தும் போனை வாயருகே வைத்துத் தொடங்கினேன். தார்ச் சூடு. மணற்காற்று. ஈரச்சாக்குச் சுற்றித் தண்ணீர்க் கலனைக் குளிராக்கியது. பகலில் அவ்வளவு கொதித்த இடத்தில் இரவு பல் கிடுகிடுத்தது. பக்கத்தில் இருந்த பெண் முறைத்தாள். முறைக்கட்டும்.

நிமிர்ந்து பார்த்தால் நான் இறங்கவேண்டிய சார்செல் எப்போதோ போய்விட்டது. பெயர் தெரியாத ஏதோ ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறேன். திரும்பும் ரயில் வருகிறது. ஏறவில்லை, இன்னும் சொல்லி முடியவில்லை.