ஒருநாள் மல்லி

என் வீட்டுக்காரி முத்துமாரிக்கு,

இன்றைக்கும் நான் ஒருத்தன்தான் பூ எடுத்தேன். விடியும் முன்னே தோட்டத்தில் இறங்கியும், நீ இருந்தபோது சீக்கிரமே முடித்துவிடும் பாத்தி எனக்கு வெயில் ஏறிய பிறகுதான் முடிகிறது. பேச ஆளில்லை. மல்லிச் செடியிடம் பேசினால் ஊர் சிரிக்கும். ஆனாலும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நம் மகள் கோகிலா ஆயக்குடியிலிருந்து இந்தப் பக்கமே வருவதில்லை. உன் பதினாறாம் நாள் காரியத்தில் கேட்டதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

“அம்மா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னப்ப, ஒருநாள் பூ போனாப் போகுதுன்னு விட்டிருக்கலாம்லப்பா?”

“எல்லாம் விதி. நம்ம கையில என்னம்மா இருக்கு?” என்றேன். வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வரப்பில் உட்கார்ந்து நீ அவளுக்குப் போன் போட்டுச் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“நெஞ்சு வலிக்குது, செத்த நேரம் உக்காந்துக்கிறேன்” என்று அன்றைக்கு என்னிடமும் சொன்னாய். “மொட்டு விரிஞ்சிட்டா மார்க்கெட்டுல எவன் வாங்குவான்? எடுத்து முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன். மறுபேச்சில்லாமல் எழுந்து பறித்தாய். ஏன் எழுந்தாய் மாரி? என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

மழை, பனி, பூ விலை என்று எதற்கெடுத்தாலும் நம் கையில் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகின வாய். உன் சாவுக்கும் அதையே சொல்லித் தப்பித்துக்கொண்டது. அன்றைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் கையில்தான் இருந்தது.

நடுவில் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். “அவ பேச மாட்டேங்கறாளுங்க மாமா. நாளானா சரியாயிருமுங்க” என்றார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

இன்று காலை பாத்தியில் நிற்கும்போது தலை சுற்றியது. எடுத்து முடித்துவிட்டு உட்காரலாம் என்று கை பாட்டுக்குப் பறித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோனேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நாளைக்குத் தோட்டத்தில் இறங்க மாட்டேன். மொட்டெல்லாம் செடியிலேயே விரியட்டும். முதல் பழனி பஸ்ஸில் ஆயக்குடி போகிறேன். கோகிலா கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நின்று சொல்வேன்: “விதி இல்லம்மா. நாந்தான்.” அதற்குப் பிறகு அவள் பேசுவாளா என்பது அவள் பாடு. சொல்லாமல் மட்டும் திரும்ப மாட்டேன், மாரி. சத்தியம்.

ஒருநாள் பூவை விட மனசு வராத
உன் வீட்டுக்காரன்