குளத்துக்குப் படகு போகக் கூடாது

அன்னூர்,
புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சாய்ப்ரியா வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே நானும் நம் பெண் வர்ஷினியும் அத்தையும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, உங்கள் இருமல் நின்றதா? இந்தக் காலத்தில் புருஷனுக்குக் கடிதமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நீங்கள் போனில் கூப்பிட்டால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், உங்கள் தம்பி தனபாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் சிரிக்கிற பொம்மை ஒன்று போடுகிறீர்கள். மெக்கானிக் நிஜாம் அண்ணனின் மச்சான் நாளை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார் என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உங்கள் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

படகைப் பற்றித்தான். மழைக்காலத்துக்கு மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போனீர்களே, எல்லாம் செய்தாயிற்று. நிஜாம் அண்ணன் உக்கடத்திலிருந்து வந்து, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி இன்ஜினை ஓடவிட்டுக் கழுவினார். பெட்ரோலை வடித்தோம், பேட்டரியைக் கழற்றினோம். டிரெய்லரைக் கல் மேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, கிரீஸ் வைத்து உள்ளே போட்டோம். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய முகப்பை உயர்த்தி, பின்பக்கம் அடியில் இருக்கும் ஓட்டையின் பித்தளைத் திருகு மூடியையும் எடுத்துவிட்டேன். மேலே தார்ப்பாய். இனி தை பிறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

நிம்மதி என் தலையில் எழுதியிருந்தால்தானே! போன வாரம் படகு நிற்கும் கொட்டகைக்குப் போனால் தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. நாய் இழுத்திருக்கும் என்று மறுபடி கட்டினேன். அடுத்த முறை போனபோது சக்கரங்களை மாட்டிக் காற்றும் அடித்திருந்தது. நாயா காற்றடிக்கும்? அரிசி மூட்டைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த பேட்டரி நேற்றுப் பார்த்தால் படகுக்குள் இருக்கிறது, பக்கத்தில் நிறைந்த பெட்ரோல் கேன். பேட்டரி இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது உங்கள் செல்ல மகள்தான். "சித்தப்பா கேட்டாருங்கம்மா, சொல்லிப்போட்டேன்" என்று குதிக்கிறாள். சனிக்கிழமை பள்ளி லீவாம், சித்தப்பா குளத்தில் படகு விடப் போகிறாராம், இவள் முன்னால் உட்காரப் போகிறாளாம்.

நீங்கள் பார்த்த குளம் இல்லை மாமா இது. அத்திக்கடவுக் குழாய்த் தண்ணீரும் இந்த மழையும் சேர்ந்து கரையைத் தொட்டு நிற்கிறது. அங்கே காடாக வளர்ந்திருந்த சீமைக்கருவேல மரமெல்லாம் அப்படியே அடியில் நிற்கிறது. சில இடத்தில் நுனி தெரிகிறது, பல இடத்தில் அதுவும் தெரியவில்லை. ஆவணியில் தனபால் ஒரு தரம் இவளை ஏற்றி ஓட்டிப்போய் மரத்தில் மோதினார். வர்ஷினிக்கு உதடு கிழிந்தது. பள்ளியில் விழுந்ததாக உங்களிடம் சொன்னது அத்தை.

அன்றைக்கும் அவர் மேல் வாசம் அடித்தது. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு காரமடைக்குப் போன நாளிலிருந்து கொழுந்தனார் பகலிலேயே குடிக்கிறார். பாவம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை, வேளைக்குக் கூப்பிட்டுச் சோறு போடுகிறேன். அதற்காக என் பிள்ளையை அவர் கையில் கொடுக்க முடியுமா? அத்தையிடம் சொன்னால், "ஏனம்மிணி, சொந்தச் சித்தப்பன் கூட்டிப்போனா உனக்கென்ன நோவுது?" என்கிறார். தனபாலிடமே கேட்டேன். "அண்ணன் சரின்னுபோட்டாருங்க அண்ணி" என்றார். நீங்கள் அப்படியா சொன்னீர்கள்? பார்த்துப் போடா என்று ஏதாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்.

கடைசியில் என்னிடம் மிச்சம் இருந்தது அந்தத் திருகு மூடி ஒன்றுதான். அது இல்லாமல் எப்படிப் போவார் என்று பீரோவில் வைத்துப் பூட்டிக் கெட்டிக்காரி மாதிரி இருந்தேன். அப்புறம்தான் கேரளாவில் காயலுக்குப் போனபோது நீங்களே அதை மாட்ட மறந்தது நினைவுக்கு வந்தது. படகு வேகமாக ஓடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. தூண்டில் போட நடுவில் நிறுத்தினோம், காலடியில் தண்ணீர் ஏறிவிட்டது. நீங்கள் நிதானமாக இருந்தீர்கள், கரைக்கு ஓட்டிவந்தீர்கள். குடித்திருப்பவர் குனிந்து பார்ப்பாரா? மூடி இல்லையென்று நானே சொன்னாலும், பழந்துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்தச் சனிக்கிழமை சொசைட்டி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன். அடுத்த சனிக்கிழமை என்ன செய்வேன்? படகும் இங்கேதான் இருக்கிறது, குளமும் இங்கேதான் இருக்கிறது. வேலைக்குப் போவது நான் மட்டும்தான்.

எப்படியும் ஒருநாள் போகத்தான் போகிறார், மூழ்காமலாவது இருக்கட்டும் என்று இன்று காலை நானே கொட்டகைக்குப் போய் அந்த மூடியை மாட்டி, ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு வந்தேன். போகக் கூடாது என்று கட்டி வைத்த நானே போவதற்குத் தோதாகச் செய்து கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி சேரவில்லை. நீங்கள் போன பிறகு அவ்வளவு வளர்ந்துவிட்டாள். "பரவாயில்லீங்கம்மா, சித்தப்பா புடிச்சுக்குவாரு" என்கிறாள்.

அப்பா இல்லாத குறை தெரியாமல் தம்பியை வளர்த்தீர்கள், இன்றுவரை அவரிடம் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. இப்போது சொல்லுங்கள். இதைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டு, குழந்தையைப் படகில் ஏற்றாதே என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம், சிரிக்க வேண்டாம். நான் எழுதினேன் என்றே சொல்லுங்கள், வருகிற சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், வெந்நீர் குடியுங்கள். அவிநாசியப்பன் உங்களைக் காக்கட்டும். என் பிள்ளையை நீங்கள் காப்பாற்றிக் கொடுங்கள்.

உங்கள்
சாய்ப்ரியா