அந்தச் சிவப்புக் கோட்டைத் துடைக்காதே

மச்சான்,

வேலைக்குக் கிளம்புகிறேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. கார் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

காரின் பின்பக்க இறக்கையை, அந்த ஸ்பாய்லரை, நீயே மாட்டிவிடு. டிக்கி மேல் வைத்துப் பார்த்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள். அப்போதுதான் பெயின்டில் கீறல் விழாது. டிக்கியில் ஒட்டியிருக்கும் பழைய பசையை நூலால் அறுத்தெடு, கத்தி வேண்டாம்.

டிக்கியில் திருகு போகும் இடது ஓட்டைக்குப் பக்கத்தில், காரைவிட அடர்ந்த சிவப்பில் ஒரு கோடு இருக்கும். அதன்மேல் டேப் ஒட்டாதே, ஸ்பிரிட் வைத்துத் துடைக்காதே. நேற்று நீ துணியை எடுத்ததும் கத்தினேனே, அதற்குத்தான். உன்மேல் கோபமில்லை.

போன தடவை உன் அக்காதான் மாட்டினாள். கை நழுவிக் கீறிவிட்டாள். என்னிடம் சொல்லாமல் நகப்பூச்சைத் தடவி மறைத்தாள். நான் பக்கெட்டை எடுத்தாலே, "பின்பக்கம் நானே கழுவிட்டேங்க, நீங்க முன்பக்கத்தைப் பாருங்க" என்று குறுக்கே வந்து நிற்பாள். எனக்குத் தெரியாது என்றே சாகும்வரை நினைத்திருந்தாள். நானும் முன்பக்கத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

ஸ்பாய்லர் மாட்டினாலும் கோட்டின் நுனி வெளியே தெரியும். தெரியட்டும்.

பி.கு.: அழிந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. அவள் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து பார்த்தேன். காய்ந்துபோயிருக்கிறது.